ஏற்காட்டில் தங்கியவர்களும் வந்துபோகிறவர்களும்

சேலத்தில் வெயில் நூறைத் தாண்டினால் நம்மவர்கள் அண்ணாந்து பார்ப்பது சேர்வராயன் மலையைத்தான். அதன்மேல் ஏற்காடு: ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலையின் 70 வளைவுகளில் கைபழகிய நாமக்கல் டிரைவருக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

மோட்டார் சாலை வருமுன் துரைமார் குதிரையிலும் டோலியிலும் மேலே போனார்கள். அவர்கள் மூட்டைகளைச் சுமந்தவர்கள் நடந்தார்கள். அத்தனை பாடுபட்டு ஏறியவர் மறுநாளே இறங்குவாரா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். பல்லாவரத்தில் 1863-இல் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட் இந்த மலையில்தான் குடியிருந்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் இன்னும் சுவாரஸ்யமான ஆள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' இதழ் நடத்தியவர். 1882-இல் அவர் காலமானதும் ஏற்காட்டில்தான். ஏரியில் பெடல் மிதிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்று ஞாயிறு காலையில் பைக்குகள் வரிசைகட்டும். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு முன்னால் ஒரு செல்ஃபி. டி.ஆர். சுந்தரத்தின் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடத்தில் அந்த வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே வீடுகள். மேலே போனால் படகு இல்லத்தில் டிக்கெட் வரிசை, மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், பொழுது சாய்வதற்குள் அடிவாரம். 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு இந்தக் கணக்கில் நேரம் வராது. மழைக்குப்பின் எஸ்டேட் முழுக்க வெள்ளையாகக் காபி பூப்பதும் அப்படித்தான். அதற்கென்று நாள் பார்த்து வர வேண்டும். சில எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் நிழலில் காபிக்குப் பதில் ரிசார்ட் முளைத்திருக்கிறது.

அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் தங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பங்களாவுக்கு விறகும் தண்ணீரும் சுமந்தவர்களுக்கு அது ஓய்வூர் இல்லை. பவர்லூம் பட்டறைக்கு ஒருநாள் லீவு போட்டுப் பிள்ளைகளோடு பஸ் ஏறுகிறவருக்கு அரைநாள் குளிர்ச்சியும் பெரிய விஷயம். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுக்கோ அன்றும் இன்றும் இது சுற்றுலாத் தலமல்ல, சொந்த ஊர். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அவர்கள் கிராமம் கிராமமாகத் திரளும்போது, ஏரிப்பக்கம் கோடை விழா மலர்க்கண்காட்சிக்கு வேறொரு கூட்டம் முட்டிமோதும்.

அந்த விழா நாட்களில் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கிவிடும்: அடிவாரம் வழியாக ஏற வேண்டும், குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆள் தங்கிய ஊரை இப்போது வண்டிகள் ரவுண்டானாவைப் போலச் சுற்றிவிட்டு இறங்குகின்றன.