துண்டறிக்கை வடிவமைப்பும் முன்னோடிகளும்

துண்டறிக்கை என்பது ஒரு செய்தியைப் பலரிடம் கொண்டுசேர்க்க அச்சிடப்படும் ஒற்றைத்தாள் அல்லது மடிப்புத்தாள் ஆகும். பேச்சுவழக்கில் இது நோட்டீஸ் எனப்படுகிறது. தெருவில் கைக்கு வரும் தாளை வைத்துக்கொள்வதா, எறிவதா என்று படிப்பவர் சில நொடிகளில் முடிவு செய்துவிடுவார். எனவே எதை முதலில் காட்டுவது, எதை விடுவது என்பதே இதன் வடிவமைப்பில் தலையாய கேள்வி. 20ஆம் நூற்றாண்டின் முன்னோடிகள் சிலர் இதற்குக் கண்ட விடைகள் இன்றும் பயன்படுகின்றன.

யான் சிகோல்ட்: செய்தியின் வரிசை

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1902இல் பிறந்த சிகோல்ட், பெயர்ப்பலகை எழுதுபவரின் மகன். 1928இல் வெளியான 'புதிய அச்சுக்கலை' என்ற நூலில், எல்லா வரிகளையும் நடுவில் அடுக்கும் வழக்கத்தை அவர் மறுத்தார். எழுத்தின் அளவு, தடிமன், இடம், சுற்றியுள்ள வெற்றிடம் ஆகியவை செய்தியின் முக்கியத்துவத்தைப் பின்பற்ற வேண்டும் என்பது அவர் கருத்து. 1933இல் நாஜி ஆட்சியில் கைதாகி, பின்னர் சுவிட்சர்லாந்து சென்றார். பிற்காலத்தில் தம் விதிகளின் கடுமையைத் தாமே குறைகூறி, நூல்களுக்குச் சமச்சீர் அமைப்பையும் ஏற்றார்.

ஐசோடைப்: படத்தால் விளக்குதல்

வியன்னாவில் 1920களில் ஓட்டோ நொய்ராத் தொடங்கிய படமொழி முறை பின்னர் ஐசோடைப் எனப் பெயர் பெற்றது. மேரி நொய்ராத்தும் ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸும் இதில் முக்கியப் பங்காற்றினர். அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காமல், ஒரே அளவுள்ள உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது இதன் அடிப்படை விதி. படிப்பவர் எண்ணியே ஒப்பிட்டுவிடலாம்.

ஹாரி பெக்: விட்டுவிடுதல்

லண்டன் சுரங்க ரயிலின் வரைபடத்தை 1931இல் பெக் புதிதாக வரைந்தார். முதலில் நிராகரிக்கப்பட்ட அது, 1933இல் சட்டைப்பை மடிப்புத்தாளாக வெளிவந்தது. கிடைக்கோடு, நிலைக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றால் பாதைகளை வரைந்து, உண்மையான தொலைவுகளைக் கைவிட்டார். பயணிக்குத் தேவை எந்த நிலையத்தில் மாறுவது என்பதே.

பயன்படுத்தும் முறை

முன்னோடிகளின் நிறங்களையும் சாய்ந்த கோடுகளையும் மட்டும் எடுத்தால் அது நகல். அவர்கள் அவற்றைத் தேர்ந்த காரணத்தை எடுப்பதே பயன் தரும்.

இலவசக் கண் பரிசோதனை முகாமின் துண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். பல நோட்டீஸ்களில் தலைமை தாங்குவோர், முன்னிலை வகிப்போர் பெயர்களே மேலே பெரிதாக இருக்கும். நாளும் இடமும் அடியில் ஒடுங்கும். பார்வை மங்கிய முதியவர் அதைப் படிக்க முடியாமல் முகாமையே தவறவிடக்கூடும். சிகோல்டின் வழியில் நாள், நேரம், இடம் மூன்றும் பெரிய எழுத்தில் முதலில் வரும். பெக்கின் வழியில், பேருந்து நிறுத்தத்திலிருந்து முகாமுக்குச் செல்லும் திருப்பங்கள் மட்டும் வரைபடத்தில் இருக்கும். ஐசோடைப் வழியில், கொண்டுவர வேண்டியவை எளிய உருவங்களாகும்.

தமிழில் கவனிக்க வேண்டியவை

ஐரோப்பிய மாதிரிகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்த முடியாது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. எனவே தலைப்பைத் தடிமனாலும் அளவாலும் பிரித்துக் காட்ட வேண்டும். 'கி', 'கு' போன்ற எழுத்துகளின் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே கூடுதல் இடைவெளி தேவை. நீண்ட சொற்கள் குறுகிய பத்தியில் உடையும் என்பதால் பத்தியின் அகலத்தையும் கூட்டிக்கொள்வது நல்லது.