டெல்டாவில் சர்க்கரை நோயும் கைபேசியும்

சர்க்கரை நோயாளி மருத்துவரின் எதிரில் உட்காருவது மாதத்துக்குச் சில நிமிடங்கள். மாத்திரையை வேளை தவறாமல் போடுவது, சோற்றை அளந்து உண்பது, காலில் புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பது, தலை சுற்றினால் உடனே எதையாவது வாயில் போட்டுக்கொள்வது எல்லாம் வீட்டிலும் வயலிலும் நடக்கின்றன. இதற்குச் சுயபராமரிப்பு என்று பெயர். படித்தவருக்கும் பணம் உள்ளவருக்குமே சிரமமான இந்த வேலையைக் கூலிக்கு நடவு நடும் ஒருவர் எப்படிச் செய்வது, அதில் கைபேசியும் மின்னணுப் பதிவேடும் எவ்வளவு கைகொடுக்கும் என்பதற்குக் காவிரி டெல்டா நல்ல உரைகல்.

சர்க்கரை நோய் நகரத்துக்காரர்களின் நோய் என்ற எண்ணம் காலாவதியாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2023-இல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. இதே ஆய்வின் முதல் கட்டம் 2011-இல் வெளிவந்தது. அப்போதே தமிழ்நாட்டின் கிராமங்களில் வயது வந்தோரில் 7.8 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. இதைவிடக் கவலை தரும் கணக்கு வேறொன்று. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, சர்க்கரை நோய் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம் மட்டுமே. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் இந்த நிலை. ஆகவே மருந்து இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. அது நோயாளியின் வீடு வரை போய்ச் சேர்ந்து, நாள் தவறாமல் வயிற்றுக்குள் போகிறதா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

டெல்டாவின் வேலை ஒழுங்கைப் பார்த்தால் விடை பாதி தெரிந்துவிடும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. நடவு நாள்களில் பெண்கள் விடிந்தும் விடியாமலும் வயலுக்குப் போய்விடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் நாளில் அங்கே போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும், பஸ் காசு வேறு. உடம்பில் வலி ஒன்றும் இல்லாதபோது, ‘இந்த மாசம் சுகர் மாத்திரை இல்லாட்டி என்ன’ என்று தள்ளிப்போடுவதில் ஆச்சரியமில்லை. இந்த நோயின் சூழ்ச்சியே அதுதான். கண்ணும் சிறுநீரகமும் கெடும்வரை அது வலிப்பதில்லை.

தொழில்நுட்பத்தைக் கொண்டு இந்தத் தொலைவைக் கடக்கும் முயற்சிகளில் முன்னதாக நடந்த ஒன்று இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சூனாம்பேட்டில் 2006-இல் தொடங்கியது. சென்னையிலுள்ள மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை, இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்புடன் கூடிய ஒரு வேனை 42 கிராமங்களுக்கு அனுப்பியது. விழித்திரைப் படம் வேனில் எடுக்கப்படும், சென்னையில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்ப்பார். ஓராண்டில் நோயாளிகளின் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 9.3-இலிருந்து 8.5-ஆகக் குறைந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டி வந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. வேனும் செயற்கைக்கோளும் செய்தித்தாளுக்கு நல்ல படம். ஆனால் வேலை நடந்ததற்கு அந்த ஊரிலேயே ஒரு மருத்துவ நிலையமும், வீடு வீடாகப் போன உள்ளூர் இளைஞர்களும் இருந்தது முக்கியக் காரணம்.

தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் இதில் ஒரு முன்கதை உண்டு. ஐ.கே.பி. பொதுச் சுகாதாரத் தொழில்நுட்ப மையமும் அதோடு சேர்ந்த சுகவாழ்வு அமைப்பும் 2009-இல் பட்டுக்கோட்டைப் பக்கம் கரம்பயத்தில் ஒரு சிறு கிராமச் சுகாதார மையத்தைத் தொடங்கின. ஆலக்குடி போன்ற ஊர்களில் அடுத்தடுத்து வந்தன. ஒரு மையத்துக்குச் சுமார் 10,000 மக்கள் என்பது கணக்கு. எம்.பி.பி.எஸ். மருத்துவர் கிராமத்தில் தங்கமாட்டார் என்பதை ஏற்றுக்கொண்டு, சித்த, ஆயுர்வேதப் பட்டதாரிகளுக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரியின் துணையோடு பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். துணைக்கு அதே ஊர்ப் பெண் ஒருவர். அவர் வீடு வீடாகப் போய் வயது, எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்காவது நோய் உண்டா என்பதைக் கேட்டு, அளந்து பதிவு செய்வார். அதிலிருந்தே யாருக்கு ஆபத்து கூடுதல் என்று பிரித்து, அவர்களை மட்டும் இரத்தப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். ஊரே வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மையத்தில் காகிதச் சீட்டுக்குப் பதிலாகக் கணினிப் பதிவேடு இருந்தது. சர்க்கரை நோயாளியின் சீட்டு தொலைந்துபோவது சாதாரணம். மஞ்சள் பையில் மடித்து வைத்தது மழையில் நனைந்துவிடும், அல்லது குழந்தை கிழித்துவிடும். போன முறை என்ன அளவு, எந்த மாத்திரை என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் வைத்தியம் புதிதாகத் தொடங்கும் அவலத்துக்குப் பதிவேடு முற்றுப்புள்ளி வைத்தது.

அந்தத் தனியார் முயற்சி சில ஊர்களோடு நின்றது. மாநிலம் முழுவதற்குமான வடிவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து தேர்ந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுவருகிறார். அவர் பையில் இரத்த அழுத்தக் கருவி, குளுக்கோமீட்டர், கைபேசி. பார்த்த அளவையும் கொடுத்த மாத்திரையையும் செயலியில் ஏற்றிவிடுகிறார். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. தொழில்நுட்பம் என்று பார்த்தால் இதில் வியக்க எதுவும் இல்லை, ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன்தான். ஆனால் அதைக் கையில் வைத்திருப்பவர் நோயாளி இல்லை, அண்டை வீட்டுப் பெண். டெல்டாவில் எந்தத் திட்டமாக இருந்தாலும் இந்த ஒரு வித்தியாசம்தான் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

அந்தப் பெண் விரலில் ஊசி குத்தும் ஒரு நிமிடத்தை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தால் பல விஷயம் விளங்கும். நடவிலும் அறுப்பிலும் காய்த்துப்போன விரல் நுனியில் துளி இரத்தம் எளிதில் வராது. நடுவிரலின் நுனியைவிட மோதிர விரலின் ஓரத்தில் குத்தினால் வலியும் குறைவு. பழம் உரித்த கையையோ சர்க்கரை போட்ட டீ சிந்திய கையையோ கழுவாமல் குத்தினால் கருவி இல்லாத சர்க்கரையைக் காட்டும். கை ஈரமாக இருந்தால் துளி நீர்த்துப்போய் அளவு குறையும். ஆகவே சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே ஊசி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பரிசோதனைப் பட்டைகள் இருக்கும் டப்பியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டால் ஈரக்காற்றில் அவை பாழாகும். பிறகு திரையில் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அந்தத் தப்பான எண் அப்படியே செயலியில் ஏறி, சென்னையில் வரைபடமாகவும் மாறிவிடும்.

சொந்தமாகக் குளுக்கோமீட்டர் வாங்குவது பலருக்கு முடியும். அதன் விலை பட்டையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு பட்டை. தினமும் பார்ப்பது கூலிக்காரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. மாத்திரையில் இருப்பவர் தினமும் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இன்சுலின் போடுபவரும் மயக்கம் வருபவரும் கர்ப்பிணிகளும் அடிக்கடி பார்க்கவேண்டும். தோலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சர்க்கரையைக் கைபேசிக்கு அனுப்பும் உணரிகள் வந்துவிட்டன. டெல்டாக் கூலிக் குடும்பங்களுக்கு அவை இன்றைக்கு விளம்பரத்தில் பார்க்கும் பொருள்.

குறுஞ்செய்தியின் கதை வேறு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, நோயின் வாசலில் இருந்த 537 ஆண்களுக்கு இரண்டு ஆண்டு உணவு, உடற்பயிற்சி பற்றிய செய்திகளைக் கைபேசிக்கு அனுப்பிப் பார்த்தது. செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. 2013-இல் வெளியான இம்முடிவு உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் அவர்கள் வேலைக்குப் போகிற, செய்தியைத் தாமே வாசிக்கிற, தமக்கென ஒரு போன் வைத்திருக்கிற ஆண்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் அறுபது வயதுக் கூலிப் பெண்ணிடம் போன் இருந்தாலும் அதில் பச்சைப் பொத்தான் மட்டுமே அவருக்குத் தெரியும். அவருக்கு வாசகம் அனுப்புவதில் பயனில்லை. குரல் அழைப்பு வேண்டும், அதுவும் தெரிந்த பேச்சில், வேலை முடிந்து வந்த சாயங்கால நேரத்தில்.

என்ன சொல்கிறோம் என்பது அதைவிடப் பெரிது. உணவுச் செயலிகள் ஓட்ஸையும் சாலடையும் பரிந்துரைக்கும். டெல்டாக் குடும்பத்தின் சாப்பாடு ரேஷனில் இலவசமாக வரும் அரிசியும் குழம்பும். காலையில் பழைய சோறு, மதியம் சோறு, இரவும் சோறு. நெல் விளையும் மண்ணில் சோற்றை விடு என்பது ஊரை விட்டுப் போ என்பதற்குச் சமம். சொல்லக்கூடியது, செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒரு கரண்டி சோறு குறையட்டும், அந்த இடத்தில் கீரையும் பயறும் வரட்டும். சம்பா அறுத்த வயலின் ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப் பயறும் விதைத்து எடுப்பது இங்கே வழக்கம். விளைந்ததை விற்றுவிட்டு வெறும் ரசஞ்சோறு சாப்பிடும் வீட்டில், பயற்றில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்து வையுங்கள் என்ற பேச்சு, எந்தக் கலோரி அட்டவணையையும்விடப் புரியும். கேழ்வரகும் கோதுமையும் சர்க்கரையே இல்லாதவை என்று நம்பி இரண்டு மடங்கு சாப்பிடுவோரையும் அதே பேச்சில் திருத்தலாம்.

ஆபத்தான இடமும் ஒன்று உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளில் சில, சாப்பாடு தாமதமானால் அளவுக்கு மீறிக் குறைத்துவிடும். விடியலில் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சோறு சாப்பிடாமல் சேற்றில் இறங்குபவருக்குப் பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறும். வெயில் மயக்கம் என்று நினைத்து நிழலில் படுக்கவைத்தால் ஆள் நினைவிழக்கக்கூடும். நினைவிருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே முதல் வேலை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழைக்கவேண்டும். நினைவூட்டும் எந்த அழைப்பும் மாத்திரையை மட்டும் நினைவூட்டி, அதோடு சோற்றைச் சொல்லாமல் விட்டால், அது உதவியல்ல. பாதமும் அப்படியே. வெறுங்காலில் சேற்றில் நிற்பவருக்குக் கால் மரத்துப் போயிருந்தால் நத்தை ஓடு கிழித்தது தெரியாது. இரவில் கால் கழுவி, உள்ளங்காலைக் கண்ணாடியிலோ கைபேசியில் பிடித்த படத்திலோ பார்ப்பது செலவில்லாத தொழில்நுட்பம்.

கணினியால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு கசப்பு மருந்தும் உண்டு. ஹரியாணாவிலும் கர்நாடகத்திலும் 40 அரசு மருத்துவ நிலையங்களில் எம்வெல்கேர் என்ற செயலியைச் சோதித்தார்கள். செவிலியருக்கும் மருத்துவருக்கும் என்ன மருந்து தருவது என்று அது யோசனை சொல்லும். 2018-இல் முடிவு வெளியானபோது, செயலி இருந்த இடத்துக்கும் பயிற்சியும் சுவரொட்டியும் மட்டும் தந்த இடத்துக்கும் இரத்தச் சர்க்கரையில் வேறுபாடு இல்லை. பயிற்சியே பலன் தந்திருக்கலாம். அது எப்படியானாலும், மருந்தலமாரி காலியாக இருந்தால் செயலி சொல்லும் யோசனையை யாராலும் செயல்படுத்த முடியாது.

மின்னணு இணைப்பு உடையும் நாளும் வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, டெல்டாவின் பல கிராமங்களில் மின்சாரம் நாள் கணக்கில் இல்லை. போன் சார்ஜ் இல்லை, டவரும் இல்லை. இன்சுலின் வைத்திருந்தவருக்குப் பிரிட்ஜும் இல்லை. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை வைத்து, அதில் இன்சுலினைக் குளிர்ச்சியாகக் காப்பது இதற்கென்றே உள்ள எளிய வழி. புயல் எச்சரிக்கை வந்ததும் யார் வீட்டில் மருந்து தீர்ந்துபோகிறது, யாருக்கு ஊசி என்ற பட்டியலைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளும் தன்னார்வலர் ஒருவர் போதும்.

இவ்வளவு ஏற்பாட்டையும் அடிக்கடி முடக்கும் காரணம் மிகச் சிறியது. பதிவேட்டில் உள்ள கைபேசி எண் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் மகனுடையதாக இருக்கும். அல்லது சலுகைக்காக மாற்றிய பழைய சிம்மாக இருக்கும். அழைப்பு அங்கே போகும், அம்மாவுக்குத் தெரியாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, வீட்டிலேயே இருக்கும் போனின் எண்ணை ஊர்த் தன்னார்வலரிடம் சொல்லிப் பதிவைத் திருத்திவிடவும்.