கேமராவுக்கு யார் கரண்ட் கொடுப்பது?

வீட்டில் லேண்ட்லைன் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கரண்ட் போய்த் தெருவே இருண்டு கிடக்கும். மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் மட்டும் கணகணவென்று அடிக்கும். அந்தப் போனுக்கு பிளக் கிடையாது, பேட்டரியும் கிடையாது. தொலைபேசி நிலையத்தில் அடுக்கிவைத்த பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் டி.சி. மின்சாரம், குரல் வருகிற அதே இரண்டு கம்பிகளில் வீடுவரை வந்துகொண்டிருந்தது.

இன்று கேமரா மாட்டப் போனால் கடைக்காரர் சொல்லும் ‘பி.ஓ.இ. ஸ்விட்ச்’ அந்தப் பழைய யோசனையின் பேரப்பிள்ளை. பவர் ஓவர் ஈதர்நெட் என்பதன் சுருக்கம் அது. படமும் தகவலும் போகிற நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்புவதுதான் விஷயம். இது முதலில் தேவைப்பட்டதும் போனுக்குத்தான். அலுவலக மேசைகளுக்கு இணையவழித் தொலைபேசிகள் வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடாப்டர் செருகுவது பெரும்பாடாக இருந்தது. 2000-இல் சிஸ்கோ நிறுவனம், நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டியான தன் ஸ்விட்ச்சிலிருந்தே போனுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 2003-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு அதை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தரமாக்கியது. வோல்டேஜ் மட்டும் மாறவில்லை. இன்றும் அதே 48-ஐ ஒட்டித்தான்.

எங்கள் வீட்டில் முதலில் போட்டது அடாப்டர் முறை. நான்கு கேமரா, ஒவ்வொன்றுக்கும் சன்ஷேடுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் 12 வோல்ட் அடாப்டர். பின்வாசல் கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இல்லாததால், தூரத்திலிருந்து மெல்லிய கம்பியில் 12 வோல்ட்டை இழுத்திருந்தார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் அந்தக் கேமரா இரவில் மட்டும் அணைந்து அணைந்து வந்தது. பகலில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கேமராவையே மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். புதியதும் இரவானால் கண்ணை மூடிக்கொண்டது. கடைசியில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எறும்புப் புற்று, பச்சை பூத்த இணைப்பு முனை. கேமராவில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

ஏன் இரவில் மட்டும்? இருட்டியதும் கேமராவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் 3 வாட் இழுக்கும் கேமரா அப்போது 6 வாட் கேட்கும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 6 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்ப அரை ஆம்பியர் ஓட வேண்டும். சாதாரண கேட் 5இ நெட்வொர்க் கேபிளில் 50 மீட்டர் போய்த் திரும்பினால், இரண்டிரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கினாலும் தடை சுமார் 4 ஓம். வழியிலேயே 2 வோல்ட் காணாமல் போய்விடும். கேமராவுக்கு எஞ்சுவது 10. இணைப்பும் துருப்பிடித்திருந்தால் அதுவும் இல்லை. அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் ஓர் ஆம்பியரில் எட்டில் ஒரு பங்கு போதும். வழியில் இழப்பது அரை வோல்ட். 48-இல் அரை போனால் யாருக்கும் தெரியாது. மின்னோட்டம் நான்கில் ஒரு பங்காகும்போது கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். பி.ஓ.இ.-யின் பலமே இந்தக் கணக்குதான். ‘ஒரு கம்பி மிச்சம்’ என்று கடையில் சொல்வது இரண்டாவது லாபம்.

ஒரே கம்பியில் இரண்டும் போனால் படம் கலங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் தகவல். மின்சாரமோ அந்த ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் சமமாக ஏறுகிறது. ஆற்றில் ஓடம் போகிறது, ஆறும் போகிறது. ஒன்றை ஒன்று தடுப்பதில்லை.

இன்னொரு பயம்: தெரியாமல் லேப்டாப்பைச் செருகிவிட்டால் கருகிவிடுமா? தரப்படி செய்த ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டைக் கொட்டாது. முதலில் 10 வோல்ட்டுக்குள் ஒரு சிறு மின்னழுத்தம் கொடுத்துத் தொட்டுப் பார்க்கும். எதிர்முனையில் 25 ஆயிரம் ஓம் தடை தென்பட்டால் ‘இது மின்சாரம் கேட்கும் பொருள்’ என்று புரிந்துகொள்ளும். அடுத்து எவ்வளவு வாட் தேவை என்று விசாரிக்கும். பிறகுதான் முழு அழுத்தம். லேப்டாப்பில் அந்த அடையாளம் இருக்காது என்பதால் அதற்குத் தகவல் மட்டும் போகும். கேமராவைக் கழற்றினால் இழுப்பு நின்றதைக் கண்டு ஸ்விட்ச்சும் உடனே நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் சந்தையில் ‘பேசிவ் பி.ஓ.இ.’ என்று ஒரு வகை இருக்கிறது. அது விசாரிக்காது, செருகிய நொடியிலிருந்து 24 வோல்ட்டோ 48 வோல்ட்டோ எப்போதும் கம்பியில் நிற்கும். விலை குறைவு என்று அதை வாங்கி வேறு பொருளைச் செருகினால் போர்ட் கருக வாய்ப்பு உண்டு. பெட்டியில் 802.3ஏ.எஃப். அல்லது 802.3ஏ.டி. என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இந்த எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. 2003-இன் ஏ.எஃப். தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் தரும். கம்பியில் போவது போக மறுமுனைக்கு 12.95 வாட் உறுதி. 2009-இல் வந்த ஏ.டி. தரத்தில் 30 வாட் புறப்பட்டு 25.5 வாட் சேரும். 2018-இல் வந்த பி.டி. தரம் 90 வாட் வரை போகிறது. வீட்டுக் கேமராவுக்கு அது தேவையே இல்லை. சுவரைப் பார்த்து நிற்கும் சாதாரண கேமராவுக்கு ஏ.எஃப். தாராளம். சுழன்று திரும்பும் கேமரா என்றால் ஏ.டி. கேட்கலாம்.

ஏமாறுகிற இடம் வேறு. எட்டு போர்ட், ஒவ்வொன்றிலும் 30 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 240 வாட் கிடைக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஸ்விட்ச்சுக்கு ஒரு மொத்தக் கையிருப்பு உண்டு; ‘பி.ஓ.இ. பட்ஜெட்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். அது 60 வாட் என்றால் எட்டு போர்ட்டும் சேர்ந்து அந்த 60-க்குள்தான் வாழ வேண்டும். கேமராக்களின் இரவு நேர வாட்டைக் கூட்டுங்கள், அதோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள். நாளை மாடியில் ஒரு வைஃபை பெட்டி மாட்டத் தோன்றும். காங்கிரீட் தளத்தைத் தாண்டிக் கீழ்வீட்டு ரவுட்டரின் சிக்னல் ஏறாத வீடுகளே இங்கு அதிகம். அந்தப் பெட்டியும் இதே கேபிளில், இதே ஸ்விட்ச்சில் ஓடும்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 4 மெகாபிக்சல் கேமரா நொடிக்குச் சில மெகாபிட் மட்டுமே அனுப்புகிறது. 100 மெகாபிட் போர்ட் அதற்கு அகலமான சாலை. எல்லாக் கேமராக்களும் ஒன்றாகச் சேர்ந்து, காட்சிகளைப் பதிவுசெய்யும் என்.வி.ஆர். பெட்டிக்குப் போகிற அப்லிங்க் போர்ட் மட்டும் ஜிகாபிட்டாக இருந்தால் நல்லது.

இனி, நான் மன்றாடிக் கேட்டுக்கொள்ளும் விஷயம்: கேபிள். கேட் 6 என்று முத்திரை குத்தி, மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம் என்று ஒரு கேபிள் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. சி.சி.ஏ. என்று பெயர். அலுமினியம் செம்பின் அறுபது சதவீத அளவுக்கே மின்சாரத்தைக் கடத்தும். மீதி தடையாகி, இழப்பாகி, சூடாகிறது. இரண்டு முறை மடித்தால் முறியும். இணைப்பு முனையில் ஈரம் பட்டால் அரித்துப்போகும். தகவல் மட்டும் போகும்போது பல மாதங்கள் குறை தெரியாமல் ஓடிவிடும். மின்சாரமும் ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். கடையிலேயே ஓர் அங்குலம் வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் வந்தால் வாங்குங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். பெட்டியைத் தூக்கினாலும் தெரியும், 305 மீட்டர் செம்பு நல்ல கனம் கனக்கும். சுவருக்குள் பைப்பில் போன கேபிளை மறுபடி இழுப்பதற்கு ஆகும் கூலியையும் உடையும் பூச்சையும் நினைத்தால், இங்கே மிச்சம் பிடிக்கும் ரூபாய் ரூபாயே இல்லை.

தூரம் 100 மீட்டர் வரை. சில ஸ்விட்ச்சுகளில் ‘எக்ஸ்டெண்ட்’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் வேகம் 10 மெகாபிட்டாகக் குறைந்து 250 மீட்டர் வரை போகும் என்பார்கள். தோட்டத்துக் கேட்டில் ஒற்றைக் கேமரா என்றால் பயன்படும். தெரியாமல் தள்ளிவிட்டால் எல்லாக் கேமராவும் திக்கித் திணறக்கூடும்.

வெளிச்சுவரில் போகும் கேபிள் மின்னலுக்கு ஒரு வாசல். பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் கம்பியில் ஏறும் அதிர்ச்சி ஸ்விட்ச்சைத் தாக்கி, அங்கிருந்து ரவுட்டர்வரை போகும். மொட்டைமாடிக் கேமரா இருந்தால் அந்தக் கேபிளுக்கு சர்ஜ் புரொடெக்டர் போட்டு, அதன் எர்த் கம்பியை உண்மையிலேயே எர்த்தில் சேர்க்க வேண்டும். இன்னொரு வாசல் திருடனுக்கு. கைக்கெட்டும் உயரத்தில் கேமராவின் பின்னால் இணைப்பு தொங்கினால், அதைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகுபவர் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் நிற்பார். இணைப்பைச் சுவர்ப் பெட்டிக்குள் மறையுங்கள். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் உலகெங்கும் பெரிய இணையதளங்களை முடக்கிய மிராய் நச்சுநிரல், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் பிடித்துத்தான் படை திரட்டியது.

கடைசியாக, கரண்ட் போகும் நேரம். அடாப்டர் முறையில் நான்கு கேமராவுக்கும் நான்கு இடத்தில் பேக்கப் தேவை. பி.ஓ.இ. முறையில் ஸ்விட்ச், என்.வி.ஆர்., ரவுட்டர், ஃபைபர் மோடம் நான்கும் ஒரே அலமாரியில் இருப்பதால் ஒரே யு.பி.எஸ். போதும். மொத்தம் 60 வாட் இழுத்தால், கணினிக்கு வைக்கும் சிறிய யு.பி.எஸ். அரை மணி நேரம் ஓட்டும். வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்தால் இரவு முழுவதும் ஓடும்; அதன் பின்புறத்தில் யு.பி.எஸ். மோட் என்ற பொத்தான் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் மாறும் அந்தக் கணத்தில் என்.வி.ஆர். அணைந்து மறுபடி உயிர் பெற இரண்டு நிமிடம் ஆகும்.

மாட்டியவர் கருவிப் பையைக் கட்டும்முன் அவரை ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள், காபி கொடுங்கள். நன்றாக இருட்டட்டும். எல்லாக் கேமராவிலும் அகச்சிவப்பு விளக்கு எரிந்த பிறகு மெயினை இறக்கிவிட்டு, திரையில் நான்கு கட்டங்களும் நிற்கின்றனவா என்று அவரோடு சேர்ந்து எண்ணுங்கள்.