கைப்பக்குவம் தெரிந்த விஞ்ஞானி தேவை

சுண்டெலியின் மண்டையோட்டை மூடிபோலக் கழற்றினால், அதன் உட்புறத்தில் வெங்காயச் சருகைப் போல ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். மூளையுறை. மூளையை ஆராய்கிற பலர் அதை ஓட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவது வழக்கம். தேங்காய்க்குள் பருப்பு முக்கியமா, ஓடு முக்கியமா?

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் கிப்னிஸ் நடத்திய ஆய்வகத்தில் ஆந்த்வான் லூவோ என்ற இளம் ஆய்வாளர் வேலையின் வரிசையை மாற்றிப் பார்த்தார். சவ்வை உரித்துவிட்டுப் பதப்படுத்தாமல், ஓட்டில் ஒட்டியிருக்கும்போதே பதப்படுத்தி, பிறகு உரித்தார். சுருங்காமல், கிழியாமல் முழுசாக வந்தது. நுண்ணோக்கியில் வைத்தால், நோயெதிர்ப்புச் செல்கள் சிதறிக் கிடக்கவில்லை. வரிசை கட்டி நின்றன. அவை நின்ற இடம் நிணநீர் நாளம். மூளைப் பக்கம் நிணநீர் நாளமே கிடையாது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. உடல் முழுவதும் எப்போதோ வரைந்து முடிக்கப்பட்டுவிட்டது என்றே தானும் எண்ணியிருந்ததாகக் கிப்னிஸ் பிற்பாடு சொன்னார். 2015 ஜூனில் நேச்சர் இதழில் செய்தி வந்தது. அதே ஆண்டில் ஹெல்சிங்கியில் காரி அலிட்டலோவின் குழுவும் இதையே கண்டிருந்தது.

இத்தனைக்கும் இத்தாலியரான பாலோ மஸ்காஞி 1787இலேயே மூளையுறையில் நிணநீர் நாளங்கள் உண்டு என்று எழுதிவைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் நம்பவில்லை. 1948இல் பீட்டர் மெடவார் முயலின் மூளைக்குள் வேறொரு முயலின் தோலை ஒட்டினார். உடல் அதை எதிர்க்கவில்லை. மூளை நோயெதிர்ப்புக்கு எட்டாத இடம் என்ற எண்ணம் இதனால் கெட்டிப்பட்டது. அதே தோலை முதலில் முயலின் உடலில் ஒட்டிப் பழக்கிவிட்டு மூளையில் ஒட்டினால் நிராகரிக்கப்படுகிறது என்பதையும் மெடவார் காட்டியிருந்தார். அந்தப் பாதியைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள்.

இன்று மூளை, நோயெதிர்ப்பு இரண்டையும் சேர்த்து ஆராய ஆட்களைத் தேடாத பெரிய ஆய்வு நிறுவனம் குறைவு. காரணம் நோய்கள். 2007இல் ஜோசப் டால்மாவ் குழு விவரித்த மூளையழற்சியில், நோயாளியின் சொந்த ஆன்டிபாடிகளே மூளையின் ஏற்பிகளைத் தாக்கும். மனநோய் என்றே பலர் நினைத்துவிடுவார்கள். அல்சைமர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பட்டியல் நீளும்.

ஆனால் இரண்டையும் சேர்த்து ஆராயும் மூத்த விஞ்ஞானியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். நரம்பியல்காரர்கள் அவரை நோயெதிர்ப்பு ஆள் என்பார்கள். நோயெதிர்ப்புக்காரர்களிடம் போனால் நரம்பியல் ஆள் என்பார்கள். தேர்வுக் குழுவிலும் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்து, அவரவர் துறைக் கட்டுரைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பார்கள். நான் அந்தக் குழுவில் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “மூளையில் டி செல்களைக் கண்டதாகச் சொல்கிறீர்களே, அவை மூளைக்குள் இருந்தன, ரத்தத்தில் வந்தவை அல்ல என்று எப்படித் தெரியும்?”

விஷயம் தெரிந்தவர் உடனே நுணுக்கத்துக்கு வந்துவிடுவார். எலியைக் கொல்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ரத்தத்தில் ஒளிரும் ஆன்டிபாடியை ஏற்றினால், குழாய்களுக்குள் ஓடும் செல்கள் மட்டும் சாயம் பூசிக்கொள்ளும். பிறகு இதயத்தின் வழியே உப்புநீரைச் செலுத்தி ரத்தத்தைக் கழுவ வேண்டும். கல்லீரலின் சிவப்பு வெளிறும்வரை. மூளையைச் செல்களாகப் பிரிக்க நொதியோடு 37 டிகிரியில் வைப்பது வழக்கம்தான். ஆனால் அந்தச் சூட்டிலேயே மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா பதறி, நோய் வந்ததுபோல் மரபணுக்களை முடுக்கிவிடும். பதற்றம் எலியுடையதா, ஆய்வகத்துடையதா என்று பிரித்தறியத் தெரியாதவரின் கட்டுரை எத்தனை பெரிய இதழில் வந்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

இதையெல்லாம் செய்முறைக் குறிப்பில் எழுதிவைக்கலாம்தான். சாம்பாரின் குறிப்பையும் எழுதிவைக்கலாம். கிப்னிஸ் 2020இல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். லூவோ கிளீவ்லாந்தில் சொந்த ஆய்வகம் வைத்தார். சவ்வைக் கிழியாமல் உரிக்கும் வித்தையும் அவர்களோடு ஊர் மாறிப் போயிற்று.