அந்தமானில் புறக்கடைக் கோழி வளர்ப்பு: நிக்கோபாரியா, வனராஜாவா? குஞ்சு வாங்கும் முன் அறிய வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் புறக்கடையில் கோழி வளர்க்க விரும்புவோர், குஞ்சுகளுக்குப் பதிவு செய்யும் முன் தங்கள் தேவை முட்டையா, இறைச்சியா, இரண்டுமா என்பதைத் தீர்மானித்துக்கொள்வது அவசியம். தவறான இனத்தை வாங்கிவிட்டால், உடனடியாக மாற்றிக்கொள்வது தீவுகளில் எளிதல்ல.

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்) சுமார் 1,200 கி.மீ. தொலைவில் உள்ளது. கப்பல் பயணத்துக்கு ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். பொரித்த குஞ்சு, வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டு இரண்டு முதல் மூன்று நாள்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கும். எனவே, குஞ்சுகள் விமானத்தில் வர வேண்டும். அல்லது உள்ளூரிலேயே பொரிக்கப்பட வேண்டும்.

மண்ணின் இனம்

நிக்கோபார் தீவுகளுக்கே உரிய இனம் நிக்கோபாரி. கால்கள் குட்டையாக இருப்பதால், ‘குட்டைக்கால் கோழி’ என்ற பொருளிலேயே நிக்கோபார் பழங்குடியினர் இதனை அழைக்கின்றனர். கறுப்பு, பழுப்பு, வெள்ளை ஆகிய நிறங்களில் காணப்படும் இக்கோழி, ஆண்டுக்குச் சுமார் 140 முதல் 160 முட்டைகள் வரை இடும். இந்திய நாட்டுக்கோழி இனங்களில் இது மிக அதிகம். ஆனால், உடல் சிறியது, இறைச்சி குறைவு.

ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனத்தைப் பாதுகாத்து, ஆய்வு செய்து வருகிறது.

மேம்படுத்தப்பட்ட இனங்கள்

ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, முட்டை, இறைச்சி ஆகிய இரண்டுக்கும் ஏற்றது. புறக்கடையில் ஆண்டுக்குச் சுமார் 100 முதல் 110 முட்டைகள் இடும். சேவல்கள் விரைவில் எடை கூடும். அதே நிறுவனத்தின் கிராமப்பிரியா, முட்டைக்காகவே உருவாக்கப்பட்டது.

இவை பொதுவாக அடைக்கு அமர்வதில்லை. மேலும், இவை கலப்பினங்கள் என்பதால், வீட்டில் பொரிக்கும் அடுத்த தலைமுறையில் அதே பலன் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் புதிய குஞ்சுகளை வாங்க வேண்டியிருக்கும்.

கலந்து வளர்க்கலாமா?

வனராஜா சேவலையும் நிக்கோபாரிக் கோழியையும் ஒரே முற்றத்தில் விட்டால், இரு இனங்களும் கலந்துவிடும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று தாக்கிய சுனாமியில் நிக்கோபார் தீவுகள் பெரும் கால்நடை இழப்பைச் சந்தித்தன. தூய நிக்கோபாரி இனம் இத்தீவுகளுக்கு வெளியே இயல்பாகக் காணப்படுவதில்லை என்பதால், அதை வளர்ப்போர் வேறு இனச் சேவல்களைத் தனியே பிரித்து வைப்பது அவசியமாகிறது.

எத்தனை குஞ்சுகள்?

பால் பிரிக்காமல் விற்கப்படும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவலாக இருக்கும். பத்து முட்டைக்கோழிகள் தேவை எனில், இறப்பையும் கணக்கிட்டு 20-க்கும் மேற்பட்ட குஞ்சுகளை வாங்க வேண்டும். முட்டை இனத்தை மட்டும் வாங்கினால், மிஞ்சும் சேவல்களால் பெரிய வருவாய் இராது. இரட்டைப் பயன் இனத்தில் அவை இறைச்சிக்கு உதவும்.

முதல் ஆறு வாரங்கள்

எந்த இனமாயினும், முதல் வாரத்தில் குஞ்சுகளுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யும் தீவுகளில் கூளம் ஈரமானால் ரத்தக்கழிச்சல் பரவும். ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்திலேயே தடுப்பு மருந்து அளிக்க வேண்டும்.

தீவனத்தின் பெரும்பகுதி கப்பலில் வருவதால், மேய்ந்து இரை தேடும் திறனும் இனத்தேர்வில் முக்கியம். தேங்காய்த் துருவலைக் கோழிகளுக்கு இடுவது நிக்கோபாரில் நெடுநாளைய வழக்கம். முட்டையும் இன விருத்தியும் நோக்கமெனில் நிக்கோபாரியும், இறைச்சியும் சேர்த்துத் தேவையெனில் வனராஜாவும் பொருத்தமானவை.