கோப்பைக் காக்கும் எழுத்தர்

கோலார் தங்க வயல் கர்நாடகத்தில் உள்ளது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்து ஏராளமான தமிழர்கள் வேலைக்குப் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது.

அடியில் ஆபத்து அதிகம். பாறை வெடித்துச் சிதறும். கல்லைத் துளைக்கும்போது தூசி பறக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கும். பல ஆண்டுகள் கழித்து மூச்சு வாங்கும். இந்த நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். இதை அடியோடு குணப்படுத்த மருந்து இல்லை.

தொழிலாளிக்கு நஷ்டஈடு கிடைக்க 1923இல் சட்டம் வந்தது. 1952இல் சுரங்கச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் தானாக நடக்காது. அதற்குத் தாள்கள் வேண்டும். அந்தத் தாள்களைக் காப்பவர் சட்டப் பிரிவு எழுத்தர். கம்பெனி, வக்கீல் ஆபீஸ், அரசு ஆபீஸ் எங்கும் இந்த வேலை உண்டு.

அவர் என்ன செய்வார்? வரும் கடிதத்தில் தேதி முத்திரை குத்துவார். பதிவேட்டில் எழுதுவார். கோப்பில் வரிசையாகச் சேர்ப்பார். மனுவைத் தட்டச்சு செய்வார். விசாரணைத் தேதியைக் குறித்து வைப்பார். கெடு முடியும் முன் வக்கீலுக்கு நினைவூட்டுவார். சட்ட ஆலோசனை சொல்வது வக்கீலின் வேலை. எழுத்தரின் வேலை அல்ல.

இது சின்ன வேலையா? இல்லை. ஒரு தொழிலாளி இறந்துபோகிறார். மனைவி நஷ்டஈடு கேட்கிறார். அவர் எந்த ஆண்டு முதல் வேலை செய்தார்? சம்பளம் எவ்வளவு? பதிவேடுதான் பதில் சொல்லும். பதிவேட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர் என்றால் பணம் நின்றுவிடும்.

1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. விபத்தில் உயிர் போனாலோ, பலத்த காயம் பட்டாலோ அதிகாரிக்கு உடனே அறிக்கை அனுப்ப வேண்டும். அதன் பிரதியை அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். 14 நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். விபத்தை மறைக்கக் கூடாது என்பதற்காகவே இந்த விதி. ஆனால் எழுத்துத் தெரிந்தவருக்குத்தான் பலகை பயன்படும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. 2025 நவம்பரில் பழைய சுரங்கச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்தது. ஆனால் தாள்களின் தேவை தீரவில்லை. வேலையை விட்ட பிறகும் சிலிகோசிஸ் தெரிய வரலாம். அப்போது பழைய சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் சாட்சி சொல்லும்.

எந்த ஆபீசில் மனு கொடுத்தாலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகலில் தேதி, முத்திரை, கையெழுத்து மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மூலத் தாளை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.