அழைத்தால் சொல்கிறேன்: தமிழ்ப் பதிவர்களின் தொடர்பதிவு விளையாட்டு

தொடர்பதிவு என்பது வலைப்பதிவர்கள் தங்களுக்குள் ஆடிய விளையாட்டு. ஒரு பதிவர் தன்னைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்வார். அல்லது சுற்றில் இருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். பதிவின் அடியில் நாலைந்து பேரின் பெயரைச் சுட்டியோடு போட்டு, அடுத்து நீங்கள் எழுதுங்கள் என்று அழைப்பார். அவர்கள் எழுதிவிட்டு இன்னும் நாலைந்து பேரை இழுப்பார்கள். இதற்கு டேக், மீம், சங்கிலிப் பதிவு என்றெல்லாம் பெயர் உண்டு. இன்று மீம் என்றால் வடிவேலு படத்தின் மேல் இரண்டு வரி எழுதுவது. அன்றைய பதிவுலகில் கைமாறிக்கொண்டே போகும் இந்தக் கேள்வித்தாளுக்கும் அதே பெயர்தான். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல், ஆள்விட்டு ஆள் தொற்றிப் பரவும் கருத்துக்கு வைத்த பெயர் அது.

தன்னைப் பற்றிய கேள்விகளுக்கு ஏட்டில் பதில் எழுதித் தரும் பழக்கம் இணையத்தைவிட நூறாண்டு மூத்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீட்டுக்கு வருபவர்களிடம் பிடித்த நிறம், பிடித்த பூ, பிடித்த எழுத்தாளர் என்று அச்சிட்ட கேள்விகளுள்ள ஆல்பத்தை நீட்டுவார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் பதின்ம வயதில் அப்படியொரு ஆல்பத்தில் எழுதிய பதில்கள் இன்றும் பேசப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளில் ஆண்டுக் கடைசியில் வகுப்பைச் சுற்றிவரும் ஸ்லாம் புக்கும் இந்த வகைதான்.

தமிழில் வலைப்பதிவுகள் 2003இல் தலையெடுத்தன. பிளாக்கர் இலவசமாக இடம் தந்தது. யூனிகோடு எழுத்துரு பரவியது. எ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களால் யார் வேண்டுமானாலும் தமிழில் தட்டச்சு செய்ய முடிந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது. புதிய இடுகை எது, எந்த இடுகையில் பின்னூட்டம் சூடு பறக்கிறது என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். சென்னை, பெங்களூருவின் கணினி ஊழியர்கள், வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள், அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் குடியேறியவர்கள், கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த ஈழத்தமிழர்கள் எனப் பலரும் அந்த ஒரு பக்கத்தில் கூடினார்கள். எழுதுபவரே வாசகர், வாசகரே எழுதுபவர் என்று இருந்த சிறிய உலகம் அது. தொடர்பதிவு அங்கே செழித்ததற்கு அந்தச் சிறிய அளவு ஒரு முக்கியக் காரணம்.

அந்த உலகத்துக்கென்று ஒரு பேச்சுவழக்கு விரைவிலேயே உருவானது. பின்னூட்டம், திரட்டி, மட்டுறுத்தல் (பின்னூட்டங்களைப் பார்த்து வடிகட்டி வெளியிடுவது) போன்றவை யோசித்துச் செய்த கலைச்சொற்கள். மற்றவை அரட்டையில் பிறந்தவை. பொருளே இல்லாமல் பொழுதுபோக்காக எழுதுவது மொக்கை. ஒரு பதிவின் பின்னூட்டப் பெட்டியில் நண்பர்கள் கூட்டமாக வந்து சம்பந்தமில்லாமல் பேசி நூறைத் தாண்டவைப்பது கும்மி. பெயர் சொல்லாமல் வந்து கருத்திடுபவர் அனானி. வெளியே ஒன்று சொல்லி உள்ளே வேறொருவரைக் குத்துவது உள்குத்து. முதல் பின்னூட்டம் போட்டவர் ‘மீ த பர்ஸ்ட்டு’ என்று மார்தட்டிக்கொள்வார். முன்னவர் சொன்னதை ஆமோதிக்க ‘ரிப்பீட்டேய்’ ஒன்று போதும்.

சினிமாவின் பங்கு இதில் பெரிது. அலுவலக வேலைக்குப் பதிவர்கள் வைத்த பெயர் ஆணி. ‘இந்த வாரம் ஆணி அதிகம், அதனால் பதிவு இல்லை’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரிந்தது. ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலுவின் நேசமணி பாத்திரம் ஆணி பிடுங்கச் சொல்லும் காட்சியிலிருந்து அது வந்தது. பழைய நினைவுகளை எழுதுவதற்குக் கொசுவத்தி சுத்துவது என்று பெயர். படங்களில் பிளாஷ்பேக் தொடங்கும்போது திரையில் சுழலும் வளையத்தை வைத்துச் சொன்னது. மனைவியைத் தங்கமணி என்றார்கள். ‘அக்னி நட்சத்திரம்’ படத்தில் மனைவி ஊருக்குப் போன குஷியில் ஜனகராஜ் கூத்தாடுவாரே, அந்தக் காட்சியிலிருந்து வந்த பெயர் அது. பெண் பதிவர்கள் சும்மா இருக்கவில்லை. கணவருக்கு ரங்கமணி என்று பெயர் சூட்டினார்கள்.

இந்தக் கடைசிச் சொற்களை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கக் கூடாது. தங்கமணி என்று எழுதியவர், மனைவியின் உண்மைப் பெயரை வெளியிடாமலேயே வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டார். ஆணி என்று எழுதியவர் நிறுவனத்தின் பெயரைக் காட்டாமல் வேலையின் சலிப்பைக் கொட்டினார். பலர் புனைபெயரில் எழுதினார்கள். முகத்தைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு மனத்தைத் திறக்க இந்தக் குழூஉக்குறிகள் உதவின.

மனத்தைத் திறக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதைத் தொடர்பதிவு தந்தது. புத்தகங்களைப் பற்றிய சுற்று ஒன்று 2005இல் வந்தது. 2006இல் பிடித்த நாலு படம், வாழ்ந்த நாலு ஊர், பார்த்த நாலு வேலை என்று ‘நாலு’ சுற்றி வந்தது. அதே ஆண்டில் ‘ஆறு’. 2007இல் ‘எட்டு’: தன்னைப் பற்றி எட்டுச் செய்தி சொல்லி, விதிகளை அப்படியே மறுபடி எழுதி, எட்டுப் பேரை அழைத்து, அவர்கள் பக்கத்துக்குப் போய்ப் பின்னூட்டத்தில் தகவலும் சொல்ல வேண்டும். 2009இல் ‘32 கேள்விகள்’ பதிவுலகையே ஒரு சுற்றுச் சுற்றியது.

முப்பத்திரண்டை உற்றுப் பார்த்தால் ஒரு விளையாட்டு ஊர்விட்டு ஊர் வரும்போது எப்படி மாறுகிறது என்பது தெரியும். உங்களுக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது, கடைசியாக எப்போது அழுதீர்கள், உங்கள் கையெழுத்து உங்களுக்குப் பிடிக்குமா என்ற கேள்விகள் ஆங்கில மின்னஞ்சல்களில் சுற்றிய பழைய பட்டியலிலிருந்து வந்தவை. அந்தப் பட்டியல் மதியம் ரொட்டிக்குள் வைத்துத் தின்னும் இறைச்சியில் எது பிடிக்கும் என்று கேட்டது. தமிழில் அது பிடித்த மதிய உணவு என்று ஆகி, தயிர்சாதமும் மீன்குழம்பும் பதிலாக வந்தன. நீங்கள் ஒரு கிரேயான் என்றால் என்ன நிறம் என்பது வர்ணப் பேனா ஆயிற்று. கடலில் குளிக்கப் பிடிக்குமா, அருவியிலா என்ற கேள்வியும் தமிழ்ப் பட்டியலில் இருந்தது.

இந்தக் கேள்விகளின் வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கையெழுத்து, சாப்பாடு என்று கூச்சமில்லாத கேள்விகளுக்கு நடுவே அழுகையும், உங்களிடம் உங்களுக்குப் பிடிக்காத குணமும் வந்துவிடும். ஒருவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் எதிரே இருப்பவரும் கொஞ்சம் சொல்வார், நெருக்கம் படிப்படியாக வளரும் என்பதை இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் என்ற உளவியலாளர்கள் 1973இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். ஆர்தர் ஏரன் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள் போகப்போக ஆழமாகும் 36 கேள்விகளுக்கு மாறிமாறிப் பதில் சொன்னபோது அவர்களிடையே நெருக்கம் கூடியது. பதிவர்கள் இதையே ஆய்வுக்கூடம் இல்லாமல் செய்தார்கள்.

தமிழ்ச் சூழலில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றித் தானே பேசுவது இங்கே தம்பட்டம் என்று பெயர் வாங்கும். நண்பர் கூப்பிட்ட பிறகு எழுதினால் அந்தப் பழி இல்லை. அதனால்தான் அநேகமாக எல்லாத் தொடர்பதிவும் ‘இவர் என்னைக் கோத்துவிட்டுட்டார்’ என்ற செல்லச் சிணுங்கலோடு தொடங்கியது. அந்தச் சிணுங்கலுக்குப் பின்னால் அப்பாவின் மரணமும், பத்தாம் வகுப்பில் தோற்றதும், ஊரை விட்டு வந்த இரவும் எழுத்தில் வந்தன. அழைப்பு இல்லையென்றால் அவற்றில் பல எழுதப்பட்டே இருக்காது. தொடர்பதிவை மொக்கை என்று ஒதுக்கிய விமர்சனம் இதைக் காணத் தவறியது.

பலனும் ஒன்று கூடவே வந்தது. ஒவ்வொரு அழைப்பும் ஒரு சுட்டி. தேடுபொறிகள் ஒரு பக்கத்தின் மதிப்பைக் கணிக்கும்போது அதற்கு வரும் சுட்டிகளையும் கணக்கில் எடுத்தன. புதிதாக எழுத வந்தவரை மூத்த பதிவர் ஒருவர் அழைத்தால் அன்றைக்கே அவர் பக்கம் நாலு பேர் கண்ணில் படும்.

சங்கிலி ஏன் சீக்கிரம் அறுந்தது என்பதற்கு எளிய கணக்கு போதும். ஒருவர் எட்டுப் பேரை அழைத்தால் அடுத்த சுற்றில் 64 பேர், பிறகு 512, அதற்கும் பிறகு 4,096. சிறிய பதிவுலகில் மூன்றாம் சுற்றிலேயே அழைக்காத ஆள் கிடைக்க மாட்டார். ஒரே பதிவரை மூன்று பேர் அழைத்திருப்பார்கள். விருப்பமுள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று பொது அழைப்பு விடும்போது, அதைத் தனக்கான அழைப்பாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; சுற்று அங்கே ஓய்ந்துவிடும்.

ஆபத்தும் உண்டு. பிறந்த தேதி, படித்த முதல் பள்ளி, வளர்த்த நாயின் பெயர், அம்மாவின் ஊர் ஆகியவை தொடர்பதிவுகளில் சகஜமாக வந்தன. கடவுச்சொல்லை மறந்தவரிடம் மின்னஞ்சல் நிறுவனங்களும் வங்கிகளும் இதே கேள்விகளைத்தான் கேட்டன. 2008 செப்டம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் நுழைந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் எங்கே சந்தித்தார் என்ற விவரங்களைப் பொதுவெளியில் தேடியெடுத்தே கடவுச்சொல்லை மாற்றினார். புனைபெயரும் முழுக் காவல் அல்ல. நாலு, ஆறு, எட்டு, முப்பத்திரண்டு என்று ஒருவர் எழுதிய எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

2009இன் தொடக்கத்தில் ‘என்னைப் பற்றி 25 விஷயங்கள்’ ஃபேஸ்புக்கில் உலகமெங்கும் பரவியது. தமிழ்ப் பதிவர்களும் ஒவ்வொருவராக ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் நகர்ந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் 2014இன் ஐஸ் பக்கெட் சவாலிலும், பாதித்த பத்துப் புத்தகங்களைப் பட்டியலிடும் சுற்றிலும் தொடர்ந்தது. இன்ஸ்டாகிராம் 2021இல் தந்த ‘ஆட் யுவர்ஸ்’ ஸ்டிக்கரில் விளையாட்டின் வேலையைச் செயலியே எடுத்துக்கொண்டது: யாரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம், பக்கம் பக்கமாக எழுதவும் வேண்டாம், ஒரு படம் போதும்.